குழற்புரியும் வாணத்தின் வாலும்: செங்கல்பட்டு வட்டாரப் போர்களில் எறிபொருள் நிலைப்பு

ஆய்வுச்சுருக்கம்

துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் வெட்டப்படும் திருகுபுரி, குண்டைச் சுழலச் செய்து அதன் பாதையை நிலைப்படுத்துகிறது. இதனைச் சோதனை வழியாகத் தெளிவாக விளக்கிய பெஞ்சமின் ராபின்ஸ், 1750-51ஆம் ஆண்டுகளில் சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கும்பினியின் தலைமைப் பொறியாளராக இருந்து இங்கேயே மறைந்தார். ஆயினும் 1752இல் கோவளம், செங்கல்பட்டு முற்றுகைகளிலும், 1780இல் புள்ளலூர்ப் போரிலும் அவர் கொள்கைக்கு இடமிருக்கவில்லை. அறிவின்மை இதற்குக் காரணமன்று என்பதும், குண்டுக்கும் குழலுக்கும் இடையே விடப்பட்ட சிறு இடைவெளியே காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து. பழைய செங்கல்பட்டு மாவட்ட எல்லைக்குள் நிகழ்ந்த மூன்று நிகழ்வுகள் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புரிநீளம், சுழல் நிலைப்பு, பெஞ்சமின் ராபின்ஸ், செங்கல்பட்டுக் கோட்டை, புள்ளலூர், வாணம், ஆவடி.

1. கடலூரில் ஒரு கணிதர்

கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலை 29 அன்று பெஞ்சமின் ராபின்ஸ் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 44. இங்கிலாந்தின் பாத் நகரில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்த இவர், 1742இல் பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் குறித்து எழுதிய நூலால் ஐரோப்பா எங்கும் அறியப்பட்டவர். 1746இல் அரச கழகத்தின் காப்ளி பதக்கம் பெற்றவர். அவருடைய நூலை லியோனார்டு ஆய்லர் 1745இல் செருமன் மொழியில் பெயர்த்து, மூலத்தைவிடப் பன்மடங்கு நீண்ட விளக்கவுரையும் சேர்த்து வெளியிட்டார். இத்தகைய ஒருவர் கும்பினியின் பணியை ஏற்று 1750 ஜூலையில் இக்கரைக்கு வந்தது கோட்டை கட்டுவதற்காக. புனித டேவிட் கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் அரண் வரைபடங்களை அவர் வகுத்து முடித்தார். அவை சுவராக எழுவதைக் காண அவர் இருக்கவில்லை.

அவருடைய வருகைக்குப் பின்னணியாக அமைந்த நிகழ்வு சுவையானது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னை, 1748ஆம் ஆண்டின் ஏ-லா-சப்பேல் உடன்படிக்கையால் ஆங்கிலேயருக்குத் திரும்பியது. அதற்கு மாற்றாக வட அமெரிக்காவின் லூயிபூர்க் கோட்டை பிரான்சுக்குச் சென்றது. அந்த அமைதியைக் கொண்டாட 1749 ஏப்ரலில் இலண்டன் கிரீன் பூங்காவில் மாபெரும் வாணவேடிக்கை நிகழ்ந்தது. அங்கே எழுந்த வாணங்கள் எவ்வளவு உயரம் சென்றன என்பதை அளந்து அரச கழகத்தில் கட்டுரை படித்தவரும் ராபின்ஸே. குழற்புரியையும் வாணத்தையும் ஒருசேர ஆராய்ந்த அம்மனிதர், சென்னையை மீட்டுத் தந்த உடன்படிக்கையின் வாணவேடிக்கையை அளந்துவிட்டு, அந்தச் சென்னையை அரண்செய்யவே கப்பலேறினார்.

கர்நாடகப் போர்களில் ஐரோப்பியர் பெற்ற வெற்றியை அவர்களது அறிவியல் மேம்பாட்டின் விளைவாகக் காண்பது நம் பாடநூல்களில் இன்றும் நிலைத்துள்ள விளக்கம். அக்காலத்தின் ஆகச் சிறந்த எறிபொருள் அறிஞர் இதே கரையில் ஊதியம் பெற்று வாழ்ந்தார் என்பது அந்த விளக்கத்துக்கு வலுச் சேர்ப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அது அதனைச் சிக்கலாக்குகிறது.

2. குண்டு ஏன் விலகுகிறது

கலைச்சொல் பற்றி முதலில் ஒரு குறிப்பு. குழலின் உட்சுவரில் திருகாகச் செல்லும் வரிப்பள்ளங்களை இக்கட்டுரை ‘புரி’ என்கிறது. கயிற்றின் முறுக்குக்கும் திருகாணியின் மரைக்கும் தமிழில் வழங்கும் சொல்லே இது. ஒரு புரி முழுச்சுற்று ஒன்றை முடிக்க எடுத்துக்கொள்ளும் குழல் நீளம் ‘புரிநீளம்’. புரிநீளம் குறைந்தால் முறுக்கு மிகும். குண்டு விரைந்து சுழலும். இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்துக் குழல் செய்யும் கொல்லர் வேலையையும் ‘முறுக்குக் குழல்’ என்று குறிப்பதுண்டு. அந்த முறுக்கு குழலின் உலோகத்தில் உள்ளது; குண்டைச் சுழற்றுவதில் அதற்குப் பங்கில்லை. அருங்காட்சியகப் பட்டியல்களில் இவ்விரண்டும் குழம்பிக் கிடப்பதைப் படைக்கல ஆய்வாளர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ராபின்ஸுக்கு முன்பு குண்டின் பாதையைக் கலிலியோ வழிவந்த பரவளையமாகக் கணித்தனர். காற்றின் தடையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று கருதினர். ராபின்ஸ் ஒரு கனத்த ஊசலின் மீது குண்டைச் சுட்டு, ஊசல் பின்னோக்கிச் சென்ற தொலைவிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். சாதாரணத் துப்பாக்கிக் குண்டின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1,700 அடி என்பது தெரிந்தது. காற்றில்லா வெளியில் அவ்வேகத்தில் 45 பாகைச் சாய்வில் எறியப்பட்ட பொருள் 17 மைல் செல்ல வேண்டும். உண்மையிலோ அக்குண்டு அரை மைலைத் தாண்டுவதே அரிது. 24 இராத்தல் பீரங்கிக் குண்டொன்று முழு மருந்தில் வெளிப்படும் கணத்தில் அதன் எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேற்பட்ட தடையை எதிர்கொள்கிறது. காற்று ஒரு சிறு திருத்தம் அன்று, முதன்மையான விசை என்பது இதனால் நிறுவப்பட்டது.

அடுத்த வினா நமக்கு இன்னும் நெருக்கமானது. ஒரே குழல், ஒரே மருந்து, ஒரே குறி. எனினும் குண்டுகள் ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் விலகுவது ஏன்? ராபின்ஸ் ஒரு துப்பாக்கிக் குழலின் முனைப்பகுதியைச் சில அங்குலம் இடப்புறமாக வளைத்தார். சுடும் திசையில் மெல்லிய தாள்திரைகளைத் தொங்கவிட்டார். குண்டு முதல் திரைகளில் எதிர்பார்த்தபடியே இடப்புறம் துளையிட்டது. ஆனால் தொலைவு செல்லச் செல்லத் திரும்பி, குறிக்கோட்டைக் கடந்து வலப்புறம் போய்ச் சேர்ந்தது. இடமாக வளைந்த குழலுக்குள் குண்டு வலச்சுவரை உரசி உருண்டு வருகிறது; அவ்வுருளலால் பெற்ற சுழற்சி காற்றில் அதனை வலப்புறம் தள்ளுகிறது. இதை அவர் முன்கூட்டியே கூறிவிட்டுப் பிறகு சுட்டுக் காட்டினார். ஆய்லர் இதனை ஏற்கவில்லை. குண்டின் உருவக் குறையே காரணம் என்றார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1852இல், மாக்னஸ் என்னும் செருமானிய இயற்பியலாளர் சோதனையால் இதனை உறுதிசெய்தபோது விளைவுக்கு அவர் பெயர் அமைந்துவிட்டது. இதில் ராபின்ஸுக்கு இழைக்கப்பட்ட குறை இன்னும் முழுதாகச் சரிசெய்யப்படவில்லை.

புரி செய்யும் வேலையை அவர் இதிலிருந்தே வருவித்தார். புரியில்லாக் குழலில் உருண்டைக் குண்டு எந்தப் பக்கம் உரசுகிறதோ அதற்கேற்ற ஏதோ ஓர் அச்சில் சுழல்கிறது. ஒவ்வொரு சூட்டிலும் அச்சு வேறு, விலகலும் வேறு. புரியுள்ள குழல் அச்சைக் குண்டு செல்லும் திசையிலேயே நிறுத்துகிறது. அப்போது சுழற்சி இருந்தும் பக்கவாட்டு விசை எழுவதில்லை. 1747இல் அரச கழகத்தில் படித்த கட்டுரையில் இதனை விளக்கிய ராபின்ஸ், புரிகுழலின் இயல்பை முழுதும் அறிந்து தன் படைக்குப் பழக்கும் நாடு பிறவற்றை விஞ்சும் என்று முன்னுரைத்தார். மூன்று ஆண்டுகளில் அவர் தேவனாம்பட்டினத்தில் இருந்தார்.

3. கோவளமும் செங்கல்பட்டும், 1752

அவர் இறந்த மறு ஆண்டில் சென்னைக்குத் தெற்கே இரு கோட்டைகள் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றன: மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரத்துக் கோவளம், பாலாற்றங்கரைக்கு அண்மையில், கொளவாய் ஏரியை ஒரு பக்க அரணாகக் கொண்ட செங்கல்பட்டு. இவற்றைப் பிடிக்க இராபர்ட் கிளைவ் அனுப்பப்பட்டார். இராபர்ட் ஓர்மின் வரலாறு தரும் விவரப்படி, அவரிடம் இருந்தோர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்த பயிற்சியற்ற 200 ஆட்கள், புதிதாகச் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்கள். உடன் நான்கு 24 இராத்தல் பீரங்கிகள். கோவளத்தில் முதல் சூடு கேட்டதும் புதிய ஆட்கள் சிதறி ஓடினர். ஒருவரை மறுநாள் கிணற்றின் அடியிலிருந்து கண்டெடுத்தனர் என்கிறார் ஓர்ம். கோவளம் பணிந்தது. பிறகு செங்கல்பட்டு. பீரங்கிகள் சில நாள் தொடர்ந்து சுட்டுச் சுவர்களில் பிளவு கண்டதும், காவற்படை மரியாதையுடன் வெளியேறும் உடன்பாட்டில் கோட்டையை ஒப்படைத்தது.

இங்கே நிலைப்பு என்னும் சிக்கல் எழவேயில்லை. சில நூறு கெஜ தொலைவில் நிற்கும் கோட்டைச்சுவர் அசையாத இலக்கு. 24 இராத்தல் குண்டு ஓரடி வலமோ இடமோ விலகினாலும் அது சுவரையே தாக்கும். சற்று விலகி விழும் குண்டுகளும் பிளவை அகலப்படுத்தவே உதவும். முற்றுகையில் ராபின்ஸின் ஊசற் கணக்குக்கு ஒருவேளை பயன் இருந்திருக்கலாம். குண்டின் வேகத்தைக் காற்று விரைந்து உண்டுவிடுவதால் மருந்தை அளவுக்கு மேல் கெட்டிப்பது வீண் என்பது அவர் வாதங்களுள் ஒன்று. புரியால் ஆகக்கூடியது ஒன்றும் அங்கு இல்லை.

இன்று செங்கல்பட்டுக் கோட்டையை இருப்புப்பாதை ஊடறுத்துச் செல்கிறது. தொடர்வண்டியிலிருந்து பார்ப்பவர்க்கு எஞ்சிய சுவர்களும் ஏரியும் சில நொடிகள் தெரியும். முற்றுகைப் பீரங்கிகள் எத்துணை அருகிலிருந்து பேசின என்பதை உணர அந்தச் சில நொடிகளே போதும்.

4. இடைவெளி

கோட்டையை விட்டு வெட்டவெளிப் போருக்கு வருவோம். 1746இல் அடையாற்றுக் கரையில் நவாபின் பெரும்படையைச் சிறிய பிரெஞ்சுப் படை முறியடித்தது. அங்கு வென்றது குறிபார்க்கும் திறன் அன்று. ஒருசேரச் சுட்டு, விரைந்து மீண்டும் கெட்டித்து, மீண்டும் ஒருசேரச் சுடும் பயிற்சி. அவ்விரைவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியின் எதிரி யார் என்பது தெரியும்.

ஆங்கிலக் காலாட்படையின் ‘பிரவுன் பெஸ்’ துப்பாக்கியின் குழல் விட்டம் 0.75 அங்குலம். அதில் இட்ட குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.69 அங்குலம். இடையே எஞ்சுவது 0.06 அங்குலம். இந்த இடைவெளி கவனக்குறைவால் வந்ததன்று. கறுப்பு வெடிமருந்து எரிந்தபின் அதன் நிறையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு திண்மக் கசடாக எஞ்சுகிறது. அது குழலின் உட்சுவரில் படிகிறது. குண்டு இறுக்கமாக அமைந்தால் சில சூடுகளுக்குப் பின் அதை உள்ளே தள்ளவே இயலாது. தளர்வாக இருந்தால் கசடு படிந்த குழலிலும் குண்டு தானே கீழிறங்கும். பயிற்சி பெற்ற வீரர் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம்.

அந்த இடைவெளியில்தான் குண்டு இப்பக்கமும் அப்பக்கமும் உரசி, ராபின்ஸ் தாள்திரையில் பதிவுசெய்த தாறுமாறான சுழற்சியைப் பெறுகிறது. ஆக, விரைவைத் தருவதும் குறியைக் கெடுப்பதும் ஒன்றே. புரிகுழலில் குண்டு வரிப்பள்ளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும்; பற்றிக்கொள்ள இடைவெளி இருத்தலாகாது; இடைவெளி இல்லையெனில் எண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றி, கோலால் இடித்து இறக்க வேண்டும்; ஒரு சூட்டுக்கு ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். வேட்டைக்காரருக்கு அது பொருட்டன்று. எதிரே குதிரைப்படை பாய்ந்துவரும்போது அந்த ஒரு நிமிடம் உயிரின் விலை.

எனவே கும்பினிப் படைத்தலைவர்கள் ராபின்ஸின் அறிவியலை அறியாமலோ மதியாமலோ இருந்தனர் என்று கொள்வது பொருந்தாது. அவர்கள் கைக்கொண்ட போர்முறை, அவ்வறிவியல் கேட்கும் விலையைத் தர இயலாததாக இருந்தது. பிரித்தானியப் படை முறையாக ஏற்ற முதல் புரித்துப்பாக்கியான பேக்கர் துப்பாக்கி 1800ஆம் ஆண்டில்தான் வந்தது. ராபின்ஸ் மறைந்து 49 ஆண்டுகள் கடந்திருந்தன. அப்போதும் அது தேர்ந்தெடுத்த சில படைப்பிரிவுகளுக்கு மட்டுமே தரப்பட்டது.

5. புள்ளலூர்: வாலால் நிலைபெற்ற வாணம்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. மகேந்திரவர்மன் தன் பகைவரைப் புள்ளலூரில் வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு கூறும். மாமல்லபுரத்தை எழுப்பிய மரபின் போர்க்களம் அது. ஆங்கில ஆவணங்கள் ‘பொள்ளிலூர்’ என்று எழுதும் அவ்விடத்தில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்து அழித்தனர். காஞ்சிபுரத்தில் இருந்த எக்டர் மன்றோ உதவிக்குச் செல்லாமல், கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கும் அங்கிருந்து சென்னைக்கும் பின்வாங்கினார். ஐதர் பக்கம் குதிரைப்படையும் பீரங்கிகளும் மிகுதி. அவற்றோடு இரும்புக்குழல் வாணங்களும் இருந்தன. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்ததே போரின் திருப்புமுனை. அதனைத் தாக்கியது பீரங்கிக் குண்டா வாணமா என்பதில் வரலாற்று நூல்கள் ஒத்த கருத்துடையன அல்ல. சீரங்கப்பட்டினத்துத் தாரியா தௌலத் மாளிகையின் சுவரோவியம் வெடிப்பை மட்டும் உறுதியாகக் காட்டுகிறது.

வாணம் நிலைபெறும் முறை முற்றிலும் வேறு. இலண்டன் ஊலிச் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்த இரு மைசூர் வாணங்களின் அளவுகளை விமானவியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வில் பதிவுசெய்துள்ளார். ஒன்றின் இரும்புக்குழல் 58 மி.மீ. விட்டமும் 254 மி.மீ. நீளமும் கொண்டது, ஒரு மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட நீளமுள்ள வாளலகில் தோல்வாரால் கட்டப்பட்டது. மற்றொன்று 37 மி.மீ. விட்டம், 198 மி.மீ. நீளம், ஏறத்தாழ 1.9 மீட்டர் மூங்கிலில் கட்டப்பட்டது. அதாவது குழலைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நீளமான வால்.

வால் என்ன செய்கிறது? பறக்கும் பொருளின் நிறைமையத்துக்குப் பின்னால் காற்றின் அழுத்த மையம் அமைந்தால், பொருள் சற்றே திரும்பும்போது காற்றே அதனை நேராக்கும். அம்புக்கு இறகு கட்டுவதும் தீபாவளி வாணத்துக்குக் குச்சி கட்டுவதும் இதற்காகவே. நீண்ட குண்டிலோ அழுத்த மையம் நிறைமையத்துக்கு முன்னால் அமைகிறது. காற்று அதனைக் கவிழ்க்கவே முயலும். அதனை எதிர்ப்பது சுழற்சி. சுழலும் பம்பரம் சாய்த்தாலும் விழாமல் அச்சு வட்டமிடுவது போல, விரைந்து சுழலும் குண்டு கவிழாமல் சிறு வட்டமிட்டுக்கொண்டே முனை முன்னாகச் செல்கிறது. ஒன்று வடிவத்தால் வரும் நிலைப்பு. மற்றொன்று சுழற்சியால் வரும் நிலைப்பு.

வாலின் நன்மை, அதற்குக் குழலே தேவையில்லை என்பது. குழல் இல்லையெனில் இடைவெளிச் சிக்கலும் இல்லை, கசடும் இல்லை. ஓர் ஆள் தோளில் சுமந்து சென்று தரையிலிருந்தே ஏவலாம். கொல்லரும் மூங்கிலும் தோல்வாரும் இருந்தால் செய்துகொள்ளலாம். தீமையும் அதே வாலில்தான் உள்ளது. எரிந்துகொண்டு செல்லும் வாணத்தின் வாலைப் பக்கக்காற்று தள்ளும்போது தலை காற்று வரும் திசைக்குத் திரும்பும்; உந்துவிசை அத்திசையிலேயே அதனைச் செலுத்திவிடும். தனி ஆளைக் குறிவைக்க வாணம் ஏலாது. புள்ளலூரில் நெருங்கி நின்ற படையணியையும் எருதுகள் பூட்டிய வண்டிகளையும் அஞ்சிய குதிரைகளையும் நோக்கி அதனை ஏவியதில் போர்முறை அறிவு தெரிகிறது. கோவளத்தில் 24 இராத்தல் பீரங்கிக்குச் சுவர் எப்படியோ, இங்கே வாணத்துக்குக் கூட்டம் அப்படி.

மைசூர் வாணத்தை இக்கால ஏவுகணையின் மூதாதையாகப் போற்றுவோர் அதன் துல்லியத்தை மிகைப்படுத்துவதுண்டு. நரசிம்மாவின் ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கிய இரும்புக்குழலையே அதன் சிறப்பாகக் காண்கிறது. வில்லியம் காங்கிரீவ் 1804-05இல் இவற்றைப் பின்பற்றி வாணங்கள் செய்தபோது பக்கவாட்டில் குச்சியைக் கட்டினார். பின்னர்க் குச்சியை நடுவச்சுக்கு மாற்றினார். 1844இல் வில்லியம் ஏல் என்பவர், வெளியேறும் வளியைச் சாய்த்து வாணத்தையே சுழலச் செய்து குச்சியை நீக்கினார். ராபின்ஸ் குழலுக்குச் சொன்ன விடை, அவர் மறைந்து 93 ஆண்டுகளுக்குப் பின் வாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

6. குறுகிவந்த புரிநீளம்

ஒரு குழலுக்கு எவ்வளவு முறுக்கு வேண்டும் என்னும் வினாவுக்கு விடை குண்டின் நீளத்தைப் பொறுத்தது. பேக்கர் துப்பாக்கியின் 30 அங்குலக் குழலில் புரி கால் சுற்றுதான். அதாவது புரிநீளம் 120 அங்குலம். 0.625 அங்குல விட்டத்தோடு ஒப்பிட்டால் 190 மடங்குக்கும் மேல். இவ்வளவு தளர்ந்த முறுக்கு ஏன் போதுமானதாயிற்று? எறிந்தது உருண்டை. உருண்டைக்கு முன்பின் இல்லை. கவிழ்க்க எதுவும் இல்லை. சுழலும் அச்சை நேர்நிறுத்துவது ஒன்றே அங்குப் புரியின் வேலை. ராபின்ஸ் விளக்கியதும் அதுவே.

1849இல் பிரான்சின் மினியே இடைவெளிச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தார். அடிப்பகுதி குடைந்த நீள்குண்டு தளர்வாகவே குழலுக்குள் இறங்கும். சுடும்போது வளியழுத்தத்தில் அதன் அடி விரிந்து புரியைப் பற்றும். உள்ளே செல்லும்போது இடைவெளி உண்டு. வெளியே வரும்போது இல்லை. இக்கொள்கையில் அமைந்த 1853ஆம் ஆண்டின் என்ஃபீல்டு துப்பாக்கி 0.577 அங்குல விட்டமும் 39 அங்குலக் குழலும் கொண்டது. புரிநீளம் 78 அங்குலம், குழலுக்குள் சரியாக அரைச் சுற்று. கசடு இறுகாதிருக்கத் தோட்டாத் தாளில் கொழுப்புப் பூசினர். அக்கொழுப்பு எவ்விலங்குடையது என்னும் ஐயம் 1857இல் வங்காளப் படையில் என்ன விளைத்தது என்பது அறிந்ததே. எழுச்சியின் வேர்கள் பல. ஆனால் தீப்பொறியான அந்தக் கொழுப்பு, குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள அதே வெளியில் பூசப்பட்டது.

குண்டு நீண்டதும் கவிழ்க்கும் விசை எழுந்தது. அதனை வெல்ல முறுக்கு மிக வேண்டியதாயிற்று. மார்ட்டினி-ஹென்றியில் (0.450 அங்குலம்) புரிநீளம் 22 அங்குலமாகவும், லீ-மெட்ஃபோர்டில் (0.303 அங்குலம்) 10 அங்குலமாகவும் குறைந்தது. விட்டத்தின் மடங்காகக் கூறின் பேக்கர் 192, என்ஃபீல்டு 135, மார்ட்டினி 49, லீ-மெட்ஃபோர்டு 33. ஊலிச்சில் பீரங்கி அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் இதற்கொரு சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கிக் குண்டின் நீளத்தால் வகுத்தால் வேண்டிய புரிநீளம் கிடைக்கும். ஏறத்தாழ 1.25 அங்குல நீளமுள்ள லீ-மெட்ஃபோர்டு குண்டுக்கு இது 11 அங்குலம் தருகிறது. உண்மை அளவு 10. என்ஃபீல்டுக்கு இதே கணக்கு நாற்பது சொச்சம் அங்குலமே தரும். அதன் 78 அங்குலத் தளர்முறுக்கு செயற்பட்டதற்குக் குடைந்த அடி பெரிதும் உதவியது. அடி குடைவாக இருப்பதால் நிறைமையம் முன்னேறி அழுத்த மையத்தை நெருங்குகிறது. கவிழ்க்கும் விசையின் நெம்புகை குறைகிறது. ஆயினும் அது எல்லைக்கோட்டில் நின்ற அமைப்பு. விட்வொர்த் 1850களிலேயே 20 அங்குலப் புரிநீளத்தை வலியுறுத்தித் துல்லியத்தில் என்ஃபீல்டை வென்று காட்டியதும் இதனாலேயே.

இந்தக் கணக்கில் இடமும் வானிலையும் புகுகின்றன. சுழல் நிலைப்பின் அளவு காற்றின் அடர்த்திக்கு நேர்மாறானது. உறைநிலைக் குளிரில் கடல்மட்டக் காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.29 கிலோகிராம். மே மாத நண்பகலில், 35 பாகை செல்சியசில், மாமல்லபுரக் கரையில் அது 1.14 அளவே. எனவே இங்கிலாந்தின் பனிக்காலத்தில் எல்லைக்கோட்டில் நிற்கும் குண்டு நம் கரையில் 13 விழுக்காடு கூடுதல் நிலைப்புடன் பறக்கும். உதகமண்டலத்தில் இன்னும் கூடுதலாக. குளிர்நாட்டுத் தளத்தில் தேர்ந்த புரிநீளம் இங்கே தவறாது. இங்கே மட்டும் சோதித்துத் தேர்ந்தது இமயத்தின் அடிவாரக் குளிரில் தவறக்கூடும்.

நம் காவல் நிலையங்களில் நெடுங்காலம் ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரில் சுவரோரம் நின்ற லீ-என்ஃபீல்டும் 10 அங்குலப் புரிநீளமுடையதே. விநாடிக்கு 2,440 அடி வேகத்தில் வெளிப்படும் அதன் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,900 முறை சுழல்கிறது. பேக்கர் குண்டின் சுழற்சி 120 அளவே.

7. ஆவடியில் இரண்டும்

ஆவடி இன்று திருவள்ளூர் மாவட்டம்; 1997க்கு முன்பு அதுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி. அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலையில் 1960களில் உருவான விஜயந்தா தாங்கி 105 மி.மீ. புரிகுழல் பீரங்கி கொண்டது. பின்னர் அங்கே செய்யப்பட்ட அஜேயா (டி-72) 125 மி.மீ. புரியில்லாக் குழல் கொண்டது. உலகின் பெரும்பாலான தாங்கிகள் இவ்வாறு புரியைக் கைவிட்டுவிட்டன. கவசத்தைத் துளைக்கும் அம்புக்குண்டு விட்டத்தைப்போல் இருபது மடங்கும் அதற்கு மேலும் நீண்டது. அவ்வளவு நீண்ட பொருளைச் சுழற்சியால் நிலைப்படுத்த எந்தப் புரிநீளமும் போதாது. கிரீன்ஹில் சூத்திரத்தில் நீளத்தை ஏற்றிக்கொண்டே போனால் இது தானே விளங்கும். எனவே அதற்கு வால் இறகுகள் பொருத்தப்படுகின்றன. வாளலகு கட்டிய வாணத்தின் வழிக்கே, வேறொரு காரணத்தால், பீரங்கிக் குண்டு திரும்பியிருக்கிறது.

ஆவடியில் வடிவமைக்கப்பட்ட அர்ஜுன் தாங்கி மட்டும் 120 மி.மீ. புரிகுழலையே ஏற்றது. தட்டையாகிப் பிதுங்கி வெடிக்கும் வகைக் குண்டையும் அதே குழலில் சுட வேண்டும் என்பது அதற்கொரு காரணம். அவ்வகைக் குண்டுக்குச் சுழற்சி தேவை. அம்புக்குண்டுக்கோ சுழற்சி கேடு. ஆகவே அம்புக்குண்டைத் தாங்கிய உறையின் மேல் வழுக்கும் வளையமொன்று பூட்டப்படுகிறது. குழலின் புரி அவ்வளையத்தைப் பற்றிச் சுழற்றுகிறது. வளையம் உறையின் மேல் வழுக்குவதால் அம்பு சிறிதளவே சுழன்று வெளிவருகிறது, பிறகு வாலால் நிலைபெறுகிறது. அவ்வளையத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. குண்டுக்கும் குழலுக்கும் இடையிலுள்ள வெளியை அடைத்து, வெடிவளி முன்னோக்கிக் கசியாமல் காப்பது.